யூஎஸ்பி ஒலி இடைமுகம்: மலிவு வகையின் ஒலித்தரம்

மைக், கிட்டார் ஒலியை டிஜிட்டலாக்கிக் கணினிக்கும், கணினி ஒலியை ஹெட்போனுக்கும் கொண்டுசெல்லும் புறக்கருவி. மலிவு வகைகள் பெரும்பாலும் கணினி தரும் 5 வோல்ட் மின்சாரத்திலேயே இயங்குகின்றன. இரைச்சலின் பெரும்பகுதி அவ்வழியே நுழைகிறது.

இரைச்சலை இனம்பிரிப்பதே முதல் வேலை. சிங்கப்பூரின் 230 வோல்ட் மின்விநியோகத்தில் எர்த் வளையம் உண்டானால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் எழும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் அது அடங்கினால் காரணம் பெரும்பாலும் அவ்வளையமே. கீச்சொலி வேறு: யூஎஸ்பி முழுவேக இணைப்பில் மில்லிவினாடிக்கு ஒரு தரவுச் சட்டகம் செல்வதால் அது 1 கிலோஹெர்ட்ஸிலும், அதிவேக இணைப்பில் 8 கிலோஹெர்ட்ஸிலும் கேட்கும்.

பேலன்ஸ்டு கேபிள் உறுமலைத் தணிக்கும். யூஎஸ்பி ஐசொலேட்டர் எர்த் தொடர்பையே துண்டிக்கும். ஆனால் ஏடியுஎம்4160 சில்லு கொண்டவை நொடிக்கு 12 மெகாபிட்டைத் தாண்டா, அதிவேகக் கருவிகளுக்குப் போதா. 24 பிட் பதிவில் உச்ச அளவை −12 டெசிபெல் அருகே வைப்பது செலவில்லாத, பலர் தவறவிடும் திருத்தம்.

இத்தகைய புறக்கருவிகளின் வரலாற்றில் சிங்கப்பூருக்கும் இடமுண்டு. அங்கே சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் 1981இல் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் பின்வந்த எக்ஸ்டிஜி கருவி, ஒலிமாற்றிகளைக் கணினிப் பெட்டிக்கு வெளியே யூஎஸ்பி வழி கொண்டுவந்தது.