ஆர்சனிக் 3 கடந்துவந்த வழி

அரும்பாவூரில் போர் போட வேண்டுமானால் பச்சைமலை அடிவாரத்துப் பாறையைத் துளைக்க வேண்டும். வங்காளத்தில் ஆள்பலத்தாலேயே குழாயை இறக்கிவிடலாம். அடியில் இருப்பதெல்லாம் ஆறுகள் கொண்டுவந்த வண்டல். இமயமலையிலிருந்து அந்த வண்டலோடு ஆர்சனிக்கும் வந்தது, இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டு. ஒட்டியபடியே கிடந்திருந்தால் கேடில்லை. மண்ணுக்கடியில் காற்றில்லாத இடத்தில், புதைந்த இலைதழைகளைத் தின்ற நுண்ணுயிர்கள் துருவையும் கரைத்தன. ஆர்சனிக் நீரில் இறங்கியது, பெரும்பாலும் ஆர்சனிக் 3 என்ற வடிவத்தில்.

குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து பிள்ளைகளைக் காக்கத்தான் அங்கே அடிபம்புகள் வந்தன. நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காத நஞ்சு அவற்றின் வழியே மேலேறியது. 1980களின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா, நோயாளிகளின் தோலில் கண்ட புள்ளிகளுக்கும் தடிப்புகளுக்கும் குழாய்க்கிணற்று நீரே காரணம் என்று கண்டறிந்தார்.

அந்த நீரை ஒரு குப்பியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாகப் படியும்; ஆர்சனிக்கில் ஒரு பங்கையும் இழுத்துக்கொள்ளும். ஆர்சனிக் 3 மெல்ல ஆர்சனிக் 5 என்ற மற்றொரு வடிவமாக மாறும். ஆகவே வடிவங்களைப் பிரிக்கும் வேலை பம்படியிலேயே நடக்க வேண்டும். நீரை வடிகட்டி, அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய சிறு குழலில் செலுத்துவார்கள். மின்னூட்டமுள்ள ஆர்சனிக் 5 பிசினில் சிக்கும். மின்னூட்டமற்ற 3 தாண்டி வெளியேறும். வெளியேறிய 3ஐ அமிலம் சேர்த்த குப்பியிலும், சிக்கிய 5ஐக் குழலிலேயும் தனித்தனியே எடுத்துச்செல்லலாம்.

ஆய்வகத்திலும் கவனம் தேவை. நிறைநிரல்மானி ஆர்சனிக்கை 75 என்ற நிறையில் தேடும். உப்பு நீரானால், கருவியின் ஆர்கானும் (40) நீரின் குளோரினும் (35) சேர்ந்து அதே 75இல் வந்து நிற்கும். அதை விலக்கத் தெரியாவிட்டால் இல்லாத ஆர்சனிக் அறிக்கையில் ஏறிவிடும்.

இந்தியாவில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், மொத்த ஆர்சனிக்குக்கு. குடிக்கலாமா என்று சொல்ல அந்த எண் போதும். எப்படிச் சுத்திகரிப்பது என்று அது சொல்லாது. இரும்புத்துரு வடிகட்டி 5ஐ நன்றாகப் பிடிக்கும், 3ஐ எளிதில் தப்பவிடும், ஆர்.ஓ. சவ்வும் பெரும்பாலும் அப்படித்தான். வடிவம் தெரியாமல் வாங்கிய கருவியை நம்பி ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் நஞ்சைக் குடிக்கலாம். 3 இருப்பது உறுதியானால் முதலில் குளோரின் சேர்த்து அதை 5 ஆக்க வேண்டும், பிறகுதான் வடிகட்டி.