மச்சூக்காவும் ஆனாவும்

சிலியின் ‘மச்சூக்கா’வையும் (2004) அர்ஜென்டினாவின் ‘அதிகாரபூர்வ வரலாறு’ படத்தையும் (1985) அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு முதலில் படுவது வேற்றுமைதான். ஆந்த்ரேஸ் வுட் காட்டுவது 1973 சாந்தியாகோவில் ஒரே பள்ளியில் படிக்கும் இரு சிறுவரின் நட்பு. லூயிஸ் புவென்சோ காட்டுவது 1983 புவனஸ் அயர்ஸில் நடுவயதுத் தோழியர் இருவரின் நட்பு. அங்கே ராணுவ ஆட்சி கதையின் பிற்பகுதியில் வந்திறங்குகிறது; இங்கே அது மூட்டை கட்டும் காலத்தில் கதை நடக்கிறது.

ஆனால் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் அது அடிபடாதவரின் பக்கம்தான். குடிசைப் பகுதியில் வாழும் பெத்ரோ மச்சூக்காவை வசதியான வீட்டுப் பையன் கொன்சாலோவின் கண்வழியே அறிகிறோம். சித்திரவதைப்பட்டு, நாட்டைவிட்டுப் போய்த் திரும்பிய ஆனாவின் கதையை வரலாற்று ஆசிரியை அலிசியாவோடு அமர்ந்து கேட்கிறோம். கொன்சாலோ, அலிசியா இருவரின் வீட்டுக்கும் வசதியைக் கொண்டுவரும் ஆணின் பெயர்கூட ஒன்றே, ரொபெர்த்தோ: ஒருவர் தாயின் காதலர், மற்றவர் கணவர். தற்செயல்தான், என்றாலும் வியக்க வைக்கிறது.

சோதனை வரும் விதத்தில் படங்கள் பிரிகின்றன. சிறுவனுக்கு அது ஒரு நொடியில் வருகிறது. ராணுவம் குடிசைகளைச் சூறையாடுகிறது. சிறுவர் இருவரோடும் டின் பாலை உதட்டோடு உதடாகப் பகிர்ந்துகொண்ட அப்பகுதிச் சிறுமி சில்வானா சுட்டுக் கொல்லப்படுகிறாள். தன்னைப் பிடித்த சிப்பாயிடம் கொன்சாலோ, தான் இந்த இடத்தவன் அல்லன், தன்னைப் பார்த்தாலே தெரியும் என்கிறான். சிப்பாய் பார்க்கிறான், விட்டுவிடுகிறான். பெத்ரோவும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அலிசியாவுக்கோ சோதனை ஓர் இரவில் தொடங்கி நாள்கணக்கில் நீள்கிறது. மதுவும் பழைய கதைகளுமாய்ச் சிரித்துக்கொண்டிருந்த ஆனா, அதே சிரிப்போடு தான் பட்டதைச் சொல்லத் தொடங்கி அழுகையில் உடைகிறாள். சிறையில் பிறந்த குழந்தைகள் கேள்வி கேட்காத குடும்பங்களுக்குக் கைமாறியதையும் சொல்கிறாள். தன் வளர்ப்பு மகள் காபி எங்கிருந்து வந்தாள் என்ற கேள்வியை அதன்பின் அலிசியாவால் உதற முடிவதில்லை. அங்கே நட்பை முறித்தது வாய். இங்கே அதைக் காக்க வேண்டியது செவி.

சிறுவனை நான் குறை சொல்லமாட்டேன். துப்பாக்கி முனையில் அந்த வயதில் வேறென்ன சொல்வான்? அலிசியாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவளுக்கு வயதும் இருந்தது, அவகாசமும் இருந்தது. ஆயினும் கடைசியில் அவள்தான் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அவன் புதிய வீட்டுக்குக் குடிபோகிறான். இந்த முடிவுகளில் காலத்துக்கும் பங்குண்டு. புவென்சோவின் படம் வெளியான 1985 ஏப்ரலில்தான் அர்ஜென்டினாவில் ராணுவத் தலைவர்கள் மீதான வழக்கு விசாரணை தொடங்கியது. கதவு திறக்கும் என்ற எண்ணம் நாட்டிலேயே இருந்தது. வுட் படமெடுத்தபோது சிலியில் ராணுவ ஆட்சி போய்ப் பத்தாண்டுக்கு மேலாகியும் அந்த ஆட்சியின் தலைவர் பினோசே தண்டிக்கப்படவில்லை.

ஓரிடத்தில் மட்டும் சிலிப் படம் எனக்கு ஒரு படி மேலாகத் தெரிகிறது. உன் நண்பன் தந்தையின் நிறுவனத்துக்கே முதலாளியாவான், நீ கழிப்பறை கழுவிக்கொண்டிருப்பாய், உன் பெயர்கூட அவனுக்கு நினைவிருக்காது என்று பெத்ரோவிடம் குடிபோதையில் சொல்கிறார் அவன் தந்தை. படத்தில் வரும் பள்ளியைப் போன்ற ஒன்றில் படித்த வுட், அந்தப் பெயரையே தன் படத்துக்குச் சூட்டினார். ஆனாவின் தோழிக்குக் கிடைத்த மனமாற்றம் பெரிது. ஆனால் அதைத் தூண்டிவிட்ட ஆனாவுக்குப் படத்தின் இறுதிக் காட்சிகளில் இடமில்லை.