ஸ்வார்த்மோர் இல்லமும் எளிமையின் சாட்சியும்

ஊழியத்தினின்று திரும்பிய சீடரை ஆண்டவர் வனாந்தரமான ஓரிடத்திற்கு அழைத்துச் சென்றார் என்று மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவ்வழைப்பின் எதிரொலியாகவே பாலைவனத் துறவியர் வாழ்வும், பின்னர் மடங்களின் ஒழுங்கும் தோன்றின எனலாம். 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மன்னர் இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்தபோது, அந்நாட்டுத் திருச்சபை சில சீர்கேடுகளினின்று விடுபட்டது. ஆனால் ஒரு நன்மையையும் இழந்தது. சிலகாலம் தங்கி, உழைத்து, ஜெபித்து, மீண்டும் உலகினுள் செல்வதற்குரிய வீடு அதற்கு இல்லாமற் போயிற்று.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவ்விழப்பை ஓரளவேனும் ஈடுசெய்தோர் யாவர் என வினவினால், விடை வியப்பளிக்கும். எந்தக் கட்டடமும் பரிசுத்தமன்று என்று போதித்து, ஆலயங்களைக் 'கோபுர வீடுகள்' என இகழ்ந்த குவேக்கர்களே அவர்கள். இந்நாளில் அவர்களுடைய தியான இல்லங்கள் பல, இயற்கையைச் சிதைக்காத எளிய வாழ்வுக்குப் பெயர் பெற்றவை. இது நம் காலத்துச் சூழலியல் இயக்கத்தின் விளைவு என்றே பலர் எண்ணுகின்றனர். இதன் வேர் பதினேழாம் நூற்றாண்டில் உள்ளது என்பதையும், அவ்வேரினின்று பிரிந்தால் எளிமை வெறும் அடையாளமாகிவிடும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயலும்.

1. இல்லத்தில் பிறந்த இயக்கம்

இங்கிலாந்தின் வடமேற்கில், மோர்கம் விரிகுடாவுக்கு அப்பால், அல்வர்ஸ்டன் என்னும் ஊரின் அருகே ஸ்வார்த்மோர் இல்லம் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கல்வீடு அது. அதன் உரிமையாளர் தாமஸ் ஃபெல் நீதிபதியாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். 1632-இல் அவரை மணந்த மார்கரெட், வழிப்போக்கரான போதகர்களை வரவேற்று உபசரிக்கும் வழக்கமுடையவர்.

1652-ஆம் ஆண்டின் கோடையில் அவ்வாறு வந்தவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். அல்வர்ஸ்டன் ஆலயத்தில் அவர் பேசக் கேட்ட மார்கரெட், தாம் வேதத்தைச் சொற்களாக அறிந்ததன்றி உள்ளத்தில் அறியவில்லையென உணர்ந்து, இருக்கையில் அமர்ந்தவாறே அழுதார். அச்சமயம் வெளியூர் சென்றிருந்த நீதிபதி, விரிகுடாவின் மணற்பரப்பைக் கடந்து வீடு திரும்புகையில், அவருடைய குடும்பம் மயக்கப்பட்டுவிட்டதென ஊரார் எதிர்கொண்டு முறையிட்டனர். எனினும் அவர் ஃபாக்ஸின் விளக்கத்தைக் கேட்டபின், கூட்டத்தைத் தம் வீட்டிலேயே நடத்த இசைந்தார். தாம் அவ்வியக்கத்தில் சேரவில்லை. ஆயினும் அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்து அமர்ந்திருப்பார் எனக் கூறுவர்.

அது முதல் ஸ்வார்த்மோர் ஒரு தியான இல்லமாகவும், ஊழியர்களின் தங்குமிடமாகவும், சிறைப்பட்டோருக்குக் கடிதம் எழுதும் பணிமனையாகவும் விளங்கிற்று. பயணம் செய்யும் ஊழியருக்கும் சிறையிலிருந்தோருக்கும் உதவ 1654-இல் கெண்டல் நிதி ஏற்பட்டது மார்கரெட்டின் முயற்சியாலேயே. இவ்விருந்தோம்பலுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1658-இல் கணவர் மறைந்தார். 1664-இல், தம் வீட்டில் கூட்டம் நடத்துவதை நிறுத்த மறுத்ததாலும், ஆணையிட மறுத்ததாலும், சொத்துகளைப் பறிக்கவும் ஆயுட்காலம் சிறையில் அடைக்கவும் தீர்ப்பாயிற்று. 1668-இல் விடுதலை பெறும்வரை லங்காஸ்டர் கோட்டையில் இருந்தார். பெண்கள் சபையில் பேசுவதை வேத ஆதாரத்துடன் நிலைநாட்டும் அவருடைய நூல் 1666-இல் அச்சிறைவாசத்தின்போது வெளிவந்ததாகும். 1669-இல் ஃபாக்ஸ் அவரை மணந்தபோது, மனைவியின் சொத்தில் தமக்கு எவ்வித உரிமையும் வேண்டாமென அறிவித்தார்.

மார்கரெட்டின் மகள் சாரா 1673 முதல் 1678 வரை எழுதிய வீட்டுக் கணக்கேடு இன்றும் உள்ளது. வாங்கியதும் விற்றதும், வேலையாட்களுக்குக் கொடுத்த கூலியும் அதில் அன்றாடம் பதிவாகியுள்ளன. எழுப்புதலின் தாயகமான வீடு கணக்குக் காட்டும் வீடாகவும் இருந்தது. ஜெபமும் வயலும், மௌனமும் கூலியும் அங்கே தனித்தனி உலகங்களல்ல.

2. எளிமை சட்டமாகும் ஆபத்து

உண்மை, சமாதானம், சமத்துவம், எளிமை ஆகியவற்றைக் குவேக்கர் தம் வாழ்வின் 'சாட்சிகள்' என வழங்குவர். இவற்றுள் எளிமையே விரைவில் சோதனைக்குள்ளாயிற்று. முதல் தலைமுறையினர் மறைந்துகொண்டிருந்த காலத்தில், ஆடையின் நிறமும் தையலும் ஒரே வகையாக இருக்க வேண்டுமென மூப்பர் சிலர் வற்புறுத்தலாயினர். எண்பது வயதைக் கடந்த மார்கரெட் 1700-இல் இதனைக் கண்டித்து எழுதினார். உள்ளான ஒளியினால் உண்டாக வேண்டிய விடுதலையை வெளியான சட்டம் பறித்துவிடும் என்பது அவருடைய அச்சம். 1702-இல் அவர் ஸ்வார்த்மோரில் உயிர் நீத்தார். அவருடைய எச்சரிக்கையைச் சங்கம் நெடுங்காலம் ஏற்கவில்லை. சாம்பல் நிற ஆடை தலைமுறைகள்தோறும் குவேக்கரின் முத்திரையாயிற்று.

3. ஜான் உல்மன்: பொருளின் பின்னுள்ள மனிதர்

எளிமையை முத்திரையினின்று மீட்டு அன்பின் கேள்வியாக மாற்றியவர் வட அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாழ்ந்த ஜான் உல்மன் (1720–1772). தையற்காரராகவும் கடைக்காரராகவும் இருந்த அவர், வியாபாரம் பெருகப் பெருக அதனைக் குறைத்துக்கொண்டார். அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையைத் தவிர்த்தார். சாயமிடாத ஆடையை உடுத்தார். 1772-இல் இங்கிலாந்துக்குச் சென்றபோது, அலங்கார அறையை விடுத்துக் கப்பலின் கீழ்த்தளத்தில் மாலுமிகளிடையே பயணம் செய்தார். அந்நாட்டின் விரைவு வண்டிகளில் குதிரைகளும் வண்டிச் சிறுவரும் படும் துன்பத்தை அறிந்து, அவற்றில் ஏறாமல் நடந்தே சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் யார்க் நகரில் பெரியம்மையால் மரித்தார்.

நாம் பயன்படுத்தும் பொருளுக்குப் பின்னால் துன்புறுவோர் யாவர் என்பதே உல்மனின் கேள்வி. அக்கேள்வியில் அடிமை மட்டுமன்றிக் குதிரையும் அடங்கியது. வருந்தலைமுறைக்குரிய நிலத்தை இன்றைய ஆடம்பரத்திற்காக வறளச் செய்வது அநீதி என்னும் உணர்வும் அடங்கியது. சூழலியல் என்னும் சொல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே அதன் அறநெறி இங்கே உருப்பெற்றது.

4. இருபதாம் நூற்றாண்டின் தியான இல்லங்கள்

1903-இல் ஜார்ஜ் காட்பரி பர்மிங்ஹாம் அருகே தாம் வாழ்ந்த வுட்புரூக் மாளிகையைப் படிப்புக்கும் தியானத்திற்கும் உரிய இல்லமாக அளித்தார். வேத ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரெண்டல் ஹாரிஸ் அதன் முதல் படிப்பு இயக்குநரானார். 1930-இல் தாகூரும், 1931-இல் காந்தியடிகளும் அங்கே தங்கினர்.

இங்கே வரலாற்றாசிரியர் மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. வுட்புரூக் திறக்கப்பட்ட அதே ஆண்டுகளில், காட்பரி நிறுவனம் வாங்கிய கொக்கோவில் பெரும்பங்கு, கட்டாய உழைப்பு நிலவிய போர்த்துக்கீசியத் தீவான சாவோ தோமேயிலிருந்து வந்தது. 1901-இல் இச்செய்தி நிறுவனத்திற்கு எட்டிற்று. விசாரணைகளுக்கும் பேச்சுவார்த்தைகளுக்கும் பின் 1909-இல்தான் கொள்முதலை நிறுத்தினர். சர்க்கரையைத் தவிர்த்த உல்மனின் வழிவந்தோருக்கும் அதே கேள்விக்கு விடையளிக்க எட்டாண்டுகள் தேவைப்பட்டன. தியான இல்லத்தின் அமைதி அதற்குப் பணம் வந்த வழியைத் தூய்மையாக்கிவிடுவதில்லை.

ஸ்வார்த்மோர் இல்லமோ 1759-இல் ஃபெல் குடும்பத்தை விட்டு அகன்று சிதைவுற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்கரெட்டின் வழித்தோன்றல் ஒருவர் அதனை மீட்டுப் புதுப்பித்தார். 1954-இல் நண்பர் சங்கத்தின் உடைமையான பின்னர், தியானக் குழுக்கள் தங்கும் இல்லமாக அது மறுபடியும் பயன்பட்டது. 2011-இல் கான்டர்பரியில் கூடிய பிரிட்டானியக் குவேக்கரின் ஆண்டுக் கூட்டம், கரிமப் புகையைக் குறைத்து வாழும் சமூகமாவதென உறுதியேற்றது. 2012-இல் கென்யாவின் கபராக்கில் கூடிய உலகக் குவேக்கர், சமாதானத்தையும் படைப்பின் நீதியையும் இணைத்து அறைகூவல் விடுத்தனர். விருந்தினர் தாமே பாத்திரம் துலக்குவதும், தோட்டக் காய்கறிகளைச் சமைப்பதும், உணவுக்கு முன் மௌனம் காப்பதும் இத்தகைய இல்லங்களின் ஒழுங்காகும்.

எனினும் இல்லம் நிலையானதன்று. 2023-இல் வுட்புரூக் தன் மாளிகையை விட்டு வெளியேறியது. அதன் கல்விப்பணி வேறு வழிகளில் தொடர்ந்தது. கட்டடம் பரிசுத்தமன்று என்று போதித்தோர் நூற்றிருபது ஆண்டுகள் நேசித்த வீட்டைக் கைவிட நேர்ந்தபோது, அப்போதனை அவர்களுக்கே பரீட்சையாயிற்று.

5. நமக்குரிய பாடம்

குவேக்கர் திருமுழுக்கையும் திருவிருந்தையும் வெளியாசரிப்பாகக் கைக்கொள்வதில்லை. இதில் நாம் அவர்களுடன் உடன்பட இயலாது. ஆயினும் நீரையும் அப்பத்தையும் திராட்சரசத்தையும் கிருபையின் சாதனங்களாகப் பெறும் நமக்கு, நிலத்தையும் நீரையும் பேணும் கடமை அவர்களைவிடக் கூடுதலாகவே உண்டு. நிலத்திற்கும் ஓய்வு கட்டளையிடும் லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரம் நம்முடைய வேதத்திலும் உள்ளது.

நம் சபைகள் ஆண்டுதோறும் ஆயர்களுக்கும் வாலிபருக்கும் தியானக் கூடுகைகள் நடத்துகின்றன. படைப்பைக் குறித்துச் செய்தி அளிக்கப்படும் மண்டபத்தின் பின்புறத்தில் நெகிழித் தட்டுகள் குவிவதை நாம் கண்டதில்லையா? சமைப்போரும் துப்புரவு செய்வோரும் பெறும் கூலியைக் கூடுகையின் கணக்கேட்டில் நாம் வாசித்ததுண்டா? சாராவின் ஏடு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. மறுபுறம், நெகிழியை விலக்கியதே நீதி எனப் பெருமை கொள்வோமாயின், மார்கரெட் கண்டித்த சாம்பல் ஆடையை நாம் வேறு வடிவில் அணிந்தவராவோம்.

உக்கிராணத்துவம் என்பது காணிக்கையைப் பற்றிய போதனை மட்டுமன்று. உண்பதும் உடுப்பதும் பயணிப்பதும் யாருடைய உழைப்பினாலும் எந்நிலத்தின் செலவினாலும் ஆகின்றன என்பதற்குக் கணக்கொப்புவிப்பதாகும். தியான இல்லம் அக்கணக்கை அமைதியாக எழுதிப் பார்க்கும் இடம். அங்கு மூன்று நாள் தங்கியவர் தம் குருமனைக்குத் திரும்பியபின் எவ்வாறு வாழ்கிறார் என்பதைக் கொண்டே அவ்வில்லத்தின் மதிப்பை அளவிட வேண்டும்.