பால்மரத்தில் பிறந்த பேனா

வேலையில் இருந்தவரை பந்துமுனைப் பேனாதான். ஓய்வுபெற்ற பிறகு மைப்பேனாப் பைத்தியம் மறுபடி பிடித்துக்கொண்டது. பூன் லே வீட்டுச் சமையலறைத் தொட்டியில் பழைய பேனாக்களைக் கழுவிக்கொண்டிருப்பேன். கறுப்பு எபோனைட் பேனா ஒன்றை உள்ளங்கையில் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கந்தகமும் ரப்பரும் கலந்த வாடை வரும். கந்தகத்தைக் கழித்துவிட்டால் அது ஜொகூர்த் தோட்டத்தில் பால் வெட்டிய என் அப்பாவின் சட்டை வாடை.

எபோனைட் என்பது ரப்பரேதான். நிறையக் கந்தகம் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்தால் அது மரம்போல் இறுகிவிடும், கடைசல் பிடிக்கலாம். மையின் அமிலம் அதை அரிக்காது. நிப்புக்கு அடியில் மெல்லிய வாய்க்கால்கள் அறுத்த கட்டையை வைத்து, மை இறங்கவும் காற்று ஏறவும் பேனாத் தயாரிப்பாளர் வாட்டர்மேன் வழிசெய்தது 1884-இல். அந்தக் கட்டை, உடல், மூடி எல்லாம் எபோனைட். பின்னர் வந்த மைப்பையும் மெல்லிய ரப்பர். நிப்பு மட்டும் தங்கம்.

வாட்டர்மேன் காலத்து ரப்பர் பெரும்பாலும் அமேசான் காட்டிலிருந்து போனது. 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்துசேர்ந்தன. 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டறிந்து, ரப்பர் பயிரிடும்படி தோட்ட முதலாளிகளை விடாமல் நச்சரித்தார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் பயிரிட்டார். ஜூரோங்கில் பயிரிட்டவர்களில் ஒருவர் சியூ பூன் லே (1852–1933). மிளகும் காம்பீரும் விளைந்த அவருடைய நிலத்தில் பிறகு ரப்பரும் வந்தது. என் வட்டாரத்துக்கு அவர் பெயர்தான்.

ரப்பரில் பெரும்பங்கை மோட்டார் டயர்கள் விழுங்கின. பேனாவுக்குப் போனது துளி. அந்தத் துளியின் விலையைக் கேளுங்கள். 1921-இல் பார்க்கர் வெளியிட்ட சிவப்பு டூயோஃபோல்டு எபோனைட் பேனா. அமெரிக்காவில் 7 டாலர். நம் பக்கத்துக் காசில் பன்னிரண்டு வெள்ளிக்கு மேல். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து பால்மரம் வெட்டிய ஆணுக்கு 1920-களின் இறுதியில் நாட்கூலி 50 காசு. சோறு தண்ணீருக்கு ஒரு காசும் செலவழிக்காமல் ஏறக்குறைய ஒரு மாதம் உழைத்தால் ஒரு பேனா! வாங்கினாலும் கைநாட்டு வைப்பவருக்கு அது எதற்கு?

1924-இல் ஷீஃபர் செல்லுலாய்டுக்கு மாறியது. 1926-இல் பார்க்கரும் மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பந்துமுனைப் பேனா வந்து மைப்பேனாவையே ஓரங்கட்டியது. 1961-இல் ஜூரோங் தொழிற்பேட்டை தொடங்க, தோட்டங்களும் போயின.

எபோனைட் பேனா முழுக்க மறைந்துவிடவில்லை. ராஜமுந்திரியில் ரத்னம் 1930-களில் செய்த பேனாவைப் பாராட்டி 1935-இல் காந்தி கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்னும் கையால் கடைசல் பிடிக்கிறார்கள். கழுவும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பளபளப்பு போய்ப் பழுப்பேறும் என்பதால் எபோனைட்டை இரவெல்லாம் நீரில் ஊறவிடக் கூடாது; வெயிலும் ஆகாது.

சேகரிப்பாளர்கள் ஒன்றுகூடினால் நிப்பில் எத்தனை காரட் என்றுதான் முதல் கேள்வி. தங்கத்தை உருக்கி வேறு நிப்பு செய்துகொள்ளலாம். இறுகிய ரப்பரை மறுபடி பாலாக்க முடியாது. யாரோ ஒருவர் விடியற்காலையில் வெட்டிய வெட்டு அதில் அப்படியே நின்றுவிட்டது. எனவே, பழைய பேனா கைக்கு வந்தால் நான் விசாரிப்பது உடலைப் பற்றித்தான்.