130 டாலருக்குப் போன சூப்பர்மேன்

சூப்பர்மேனைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அவனை உருவாக்கியவர்கள் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. கதை எழுதியவர் ஜெர்ரி சீகல். படம் வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் 1914-ல் பிறந்தவர்கள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள்.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். சூப்பர்மேனை நாளிதழ்களில் படக்கதையாகக் கொண்டு வரவேண்டும் என்பது அவர்கள் ஆசை. சில வருடங்கள் அலைந்தும் போன இடமெல்லாம் நிராகரிப்புதான். வேறு கதைகளைக் காமிக்ஸ் இதழ்களுக்குக் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக் கொண்டிருந்தார்கள்.

1938-ல் டிடெக்டிவ் காமிக்ஸ் நிறுவனம் புதிதாகத் தொடங்கிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' இதழுக்காக சூப்பர்மேனைக் கேட்டது. மொத்தம் 13 பக்கங்கள். பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 130 டாலர். கூடவே கதாபாத்திரத்தின் முழு உரிமையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். அப்போது இருவருக்கும் வயது 23.

இங்கே கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். பக்கத்துக்கு 10 டாலர் என்பது எழுதி வரைந்த வேலைக்கான கூலி. அப்படியானால் உரிமைக்குக் கிடைத்த விலை என்ன? பூஜ்யம்! 130 டாலருக்கு விற்றார்கள் என்று சொல்வதே சரியில்லை. வேலைக்குக் கூலி வாங்கிக் கொண்டு, உரிமையை இலவசமாகக் கொடுத்தார்கள்.

அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. யாருமே வாங்காத சரக்குக்கு முதன்முதலாக ஒருவர் கதவைத் திறக்கிறார். தொடர்ந்து வேலையும் கிடைக்கும். கிடைக்கவும் செய்தது. சில வருடங்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆனால் அது வேலை இருக்கும் வரை வரும் வருமானம் மட்டுமே.

1947-ல் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் ஏறத்தாழ 94,000 டாலருக்குச் சமரசம் ஆனது. அதோடு வேலை போனது, கதையிலிருந்து அவர்கள் பெயரும் போனது. 1975-ல் சூப்பர்மேன் திரைப்படம் பெரும் செலவில் தயாராகும் செய்தி வந்தபோது, சீகல் ஓர் அலுவலகத்தில் சாதாரண குமாஸ்தா. ஷஸ்டருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. சீகல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். சக ஓவியர்களும் குரல் கொடுத்தார்கள். வேறு வழியின்றி வார்னர் நிறுவனம் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. பெயர்களும் திரும்ப வந்தன. உரிமை மட்டும் வரவில்லை. ஷஸ்டர் 1992-லும் சீகல் 1996-லும் காலமானார்கள்.

அந்த 130 டாலர் அடங்கிய பழைய காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர்!

முதல் வாய்ப்புக்காகக் குறைந்த சம்பளத்தை ஏற்பதில் தவறில்லை. அடுத்த மாதம் கூட்டிக் கேட்கலாம். எழுதிக் கொடுத்த உரிமையை அப்படிக் கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் கூலி எவ்வளவு, உரிமைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.