தராதரப் பத்திரம் வந்த வழி

மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கிப் பல்லேபொலைப் பக்கம் புறப்படுவோர் முதலில் அலுவிகாரையைக் கடந்து செல்வர். கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பாளி மறைநூல்கள் அவ்விடத்திலேதான் ஏட்டில் எழுதப்பெற்றன என்பது மரபு. ஓதுவித்தவரின் நினைவே நூலாகவும், ஓதியவரின் நினைவே சான்றாகவும் இருந்த காலம் அது. தமிழ்த் திண்ணைப் பள்ளியிலும் நெடுங்காலம் நிலைமை இதுதான். இன்னாரிடம் பாடங் கேட்டவர் என்ற ஒரு சொல் உபாத்தியாயருக்குப் போதிய தகைமையாக இருந்தது. அரசினர் பரீட்சை வைத்து, அதிற் தேறியவருக்குப் பத்திரம் வழங்கி, அப்பத்திரத்தின் தரத்தைப் பார்த்துச் சம்பளத்தை நிருணயிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய வழக்கம்.

இவ்வழக்கம் இலங்கையின் தமிழ் ஆசிரியரிடம் எவ்வழியாக வந்தது? யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஒரு காலத்தில் வந்தது, மாத்தளைத் தோட்டங்களுக்கும் பல்லேபொல போன்ற உட்பகுதிகளுக்கும் ஏன் அத்துணை பிந்தி வந்தது? இக்கேள்விக்கு விடை தேடுபவர் முதலிற் சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறது.

1789ஆம் ஆண்டிலே சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென அமைந்த விடுதியொன்றின் மேற்பார்வையை அன்றூ பெல் என்னும் பாதிரியார் ஏற்றார். அப்பகுதிப் பள்ளிக்கூடமொன்றிற் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் விடுதியிலும் அதனைப் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர் இசையவில்லை. ஆகவே மூத்த மாணவன் ஒருவனை இளையோருக்குக் கற்பிக்க அமர்த்தினார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதிற் புதுமை ஒன்றும் தோன்றாது. ஆனால் 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கை இங்கிலாந்திற் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அது நாடெங்கும் பரவியது. ஒருவரைக் கொண்டு நூறு பிள்ளைகளைக் குறைந்த செலவில் நடத்தலாம் என்பதே அதன் கவர்ச்சி.

சட்டாம்பிள்ளை முறையின் குறைபாடு விரைவில் வெளிப்பட்டது. தாமே அரைகுறையாகக் கற்ற சிறுவர் பிறருக்கு எவ்வாறு கற்பிப்பர்? 1846இல் இங்கிலாந்தில் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தது. பதின்மூன்று வயதளவில் ஒரு பிள்ளை ஐந்தாண்டுப் பயிலுநனாகச் சேர்ந்து, பகலிற் கற்பித்துக்கொண்டும், தலைமையாசிரியரிடம் தனியே கற்றுக்கொண்டும், ஆண்டுதோறும் பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். முடிவிற் போட்டிப் பரீட்சை. அதில் வென்றவருக்குப் பயிற்சிக் கல்லூரி. அதன்பின் தராதரப் பத்திரம். இன்று நம் ஆசிரியர் ஏறும் படிக்கட்டின் முதல் வடிவம் இதுவே. திண்ணையிலிருந்து கப்பலேறிப் போன ஒரு முறை, பரீட்சை என்னும் சட்டை அணிந்து திரும்பி வந்தது எனலாம்.

இலங்கையில் 1834இற் பாடசாலை ஆணைக்குழு ஏற்பட்டது. 1841இல் அது மத்திய பாடசாலை ஆணைக்குழுவாயிற்று. 1869இற் பொதுப் போதனைப் பகுதி நிறுவப்பட்டது. 1870 முதல் மிஷன் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறை, பெறுபேற்றை அளவாகக் கொண்டு நடைபெற்றது. இங்கிலாந்தில் றொபேட் லோ என்பவர் 1862இற் கொண்டுவந்த விதியின் சாயல் இது. வித்தியாதரிசி வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் பணிப்பார், தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் கணிக்கப்படும். பரீட்சைக்கு நின்றவன் சிறுவன். தேறியவரும் தவறியவரும் ஆசிரியர். வித்தியாதரிசி வரும் வாரத்தில் நோயுற்ற பிள்ளையையும் எழுப்பி அழைத்து வருவதும், வாசகத்தைப் புத்தகமின்றியே ஒப்புவிக்கும்படி உருப்போட வைப்பதும் இம்முறை நிலவிய நாடுகளிலெல்லாம் காணப்பட்ட காட்சிகள். கற்பித்தலை அளக்க எண்ணி மனனத்தை அளந்தனர்.

இம்முறைக்கு ஒரு நற்பயனும் உண்டு. நன்கொடை பெற வேண்டுமாயின் ஆசிரியரைத் தேர்ச்சியுடையவராக்க வேண்டும் என்ற அவசியம் மிஷன்களுக்கு ஏற்பட்டது. தெல்லிப்பழையிலும் கோப்பாயிலும் ஆசிரியப் பயிற்சி நிலையங்கள் வளர்ந்தன. பிற்காலத்திற் சைவர்களும் திருநெல்வேலியிற் சைவாசிரிய கலாசாலையை அமைத்தனர். வித்தியா பகுதி ஆசிரியரை மூவகையாகப் பிரித்தது: பயிற்றப்பட்டோர், பயிற்சியின்றித் தராதரப் பத்திரம் மட்டும் பெற்றோர், அதுவும் இல்லாதோர். வேலை ஒன்றே, ஊதியம் மூன்று. சுயபாஷை ஆசிரியருக்கும் ஆங்கில ஆசிரியருக்கும் இருந்த இடைவெளியோ அதனினும் பெரிது. கொழும்பில் 1903இல் அரசினர் திறந்த பயிற்சிக் கல்லூரி ஆங்கில ஆசிரியருக்கே உரியதாயிருந்தது.

அக்கல்லூரிக்கு 1911இல் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனம் என்பது அவர் பெயர். பின்னாளிற் சுவாமி விபுலாநந்தர் எனத் தமிழுலகம் போற்றியது. மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிற் பயின்று 1908இற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தி, அதன்பின் ஆசிரியத் தொழிலிற் புகுந்தவர். பயிற்சிக் கல்லூரியில் இரண்டாண்டு கற்றுப் பயிற்றப்பட்ட ஆசிரியரானார். பலர் அத்துடன் புத்தகத்தை மூடிவிடுவர். அவர் மூடவில்லை. கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சைக்குத் தோற்றி, இலங்கையிலிருந்து அதிற் தேறிய முதற் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியும் ஆனார்.

மூன்று வெவ்வேறு உலகங்களின் பரீட்சைகளை ஒரே மனிதர், பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆங்கிலப் பயிற்சிப் பத்திரம் சம்பளம் தந்தது. விஞ்ஞானப் பட்டம் மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமைப் பதவிக்கு வழி திறந்தது. மதுரைப் பரீட்சையினால் உடனே வந்த பணப்பயன் பெரிதன்று. ஆயினும் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அவரைத் தம் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியமைக்கு அடிப்படையான புலமை அவ்வழியிற் சேர்ந்தது. 1947இல் வெளிவந்த யாழ்நூலில் விஞ்ஞானியும் பண்டிதரும் ஒருங்கே பேசுவதைக் கற்றோர் அறிவர்.

அவர் ஒருவர் அல்லர். 1901இற் பாண்டித்துரைத் தேவர் முயற்சியால் மதுரையில் எழுந்த சங்கத்தைப் போலவே, 1921இல் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றியது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என அது நடத்திய பரீட்சைகளுக்கு ஆசிரியர்கள் ஆவலுடன் தோற்றினர். பகல் முழுதும் அரிச்சுவடியும் பெருக்கல் வாய்பாடும் கற்பித்துவிட்டு, இரவிற் குப்பி விளக்கின் முன் இலக்கண உரையைப் பிரித்து வைத்துக்கொண்ட ஒரு தலைமுறை அது. வித்தியா பகுதியின் பரீட்சை கற்பிக்கும் முறையைக் கேட்டது. சங்கத்தின் பரீட்சை கற்பிக்கும் பொருளைக் கேட்டது. இரண்டையும் ஒரே இடத்திற் கேட்கும் பரீட்சை இன்றுவரை அரிதாகவே இருக்கிறது.

இனி மாத்தளைக்குத் திரும்புவோம். கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னாரில் இறங்கி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாகக் கால்நடையாகவே இந்நகரை அடைந்தனர். வடபாதையிற் காட்டைக் கடந்து வந்தோர் மலைநாட்டில் முதற்கண் காணும் ஊர் மாத்தளை. அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைத்த பள்ளி பெரும்பாலும் லயத்தின் ஓர் அறை. ஆசிரியர், எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர். 1907இன் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்தையும் நோக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடமையைத் தோட்டத் துரைமீது சுமத்தியது. பத்து வயதுடன் சட்டத்தின் அக்கறை முடிந்தது. அதற்கு மேற்பட்ட வகுப்பில்லாத பள்ளிக்கு உயர்ந்த தராதரமுடைய ஆசிரியர் ஏன் என்று துரைமார் எண்ணினர். தராதரமுடைய ஆசிரியர் இல்லாதபோது மேல்வகுப்பு எவ்வாறு வரும் என்று எவரும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்புடன் நின்ற பிள்ளை எந்தப் பயிற்சிக் கலாசாலையின் வாயிலையும் அணுக இயலாது. ஆகவே தோட்டத்து வாத்தியார் வெளியூரிலிருந்தே வர வேண்டியதாயிற்று; வந்தவர் தம் ஊருக்கு மாற்றம் கிடைத்ததும் போய்விடுவதும் இயல்பாயிற்று.

1945 ஒக்டோபர் 1ஆந் திகதி, கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறப் பிள்ளைகள் பலர் மத்திய கல்லூரி சென்று, பயிற்சிக் கலாசாலை வழியாக ஆசிரியராயினர். தோட்டத்தில் இவ்வலை ஏறவில்லை. மூன்றாண்டுகளின் பின் வந்த 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரசாங்க உத்தியோகத்திற்குக் குடியுரிமை வேண்டும். ஆசிரியப் பதவியும் அரசாங்க உத்தியோகமே. திறமையிருந்தும் அதற்கு விண்ணப்பம் அனுப்பும் உரிமையில்லாத இளைஞர் எத்தனை பேர் என்பதைப் பெறுபேற்றுப் பட்டியல்கள் கூறமாட்டா. பரீட்சையில் தவறியவரின் எண்ணுக்குப் பட்டியலில் இடமுண்டு. பரீட்சைக்கே வராதவருக்கு எண்ணே இல்லை.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் நன்கொடைப் பாடசாலைகளும் பயிற்சிக் கலாசாலைகளும் அரசின் வசமாயின. தோட்டப் பாடசாலைகள் இந்த அலையிலும் ஒதுங்கி நின்றன. 1972இலும் 1975இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தத்திற் தோட்டங்களே அரசுடைமையான பின்னர்தான், 1970களின் பிற்பகுதியில் அவை படிப்படியாகக் கையேற்கப்பட்டன. அதன்பின் தோட்டப் பகுதி இளைஞரையே ஆசிரியராக நியமிக்கும் வழக்கம் 1980களிலும் 1990களிலும் வலுத்தது. நியமனம் முதலில், பயிற்சி பிறகு என்பதே ஒழுங்கு. பயிற்றப்படாத ஆசிரியருக்கென 1980களின் தொடக்கத்திற் தொலைக்கல்வி முறை உருவாகி, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகரகமவில் அமைந்த தேசிய கல்வி நிறுவகத்தின் பொறுப்பாயிற்று. அச்சிட்ட பாட ஏடுகள் தபாலில் வரும். வார இறுதியிற் கூட்ட வகுப்பு நடைபெறும். உள்ளூரை விட்டுப் பெயராமலே பத்திரம் பெற இது வழிசெய்தது. மலைப்பாதையில் நாளொன்றுக்கு ஓரிரு பஸ் மட்டுமே ஓடும் இடங்களில் வாழ்ந்த ஆசிரியைகளுக்கு, வேறெந்தச் சீர்திருத்தத்தையும் விட இதுவே மெய்யான உதவி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வழி செய்தது. மலையகத்திற்குக் கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாதக் கல்லூரி கிடைத்தது. 1994இல் இலங்கை ஆசிரியர் சேவை அமைந்தது.

இத்தனையும் நடந்தும் வகுப்பறைகளில் வெற்றிடங்கள் நிரம்பவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளையொட்டி, தோட்டப் பாடசாலைகளுக்கென மூவாயிரம் அளவினர் ஆசிரிய உதவியாளர் என்ற புதிய பெயருடன் சேர்க்கப்பட்டனர். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து இறுதிப் பரீட்சையிற் சித்தியடைந்தாலன்றி அவர்கள் ஆசிரியர் சேவையின் மூன்றாம் வகுப்பில் உள்வாங்கப்படார். பத்தொன்பதாம் நூற்றாண்டு மாணவ ஆசிரியரை அறிந்தவருக்கு இவ்வேற்பாடு அறிமுகமானதே: குறைந்த ஊதியம், முழு வகுப்பு, தொலைவில் ஒரு பரீட்சை. பழைய திட்டத்திலாவது தலைமையாசிரியர் தனியே கற்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. உதவியாளருக்கு உதவுவார் யார் என்பதை நியமனக் கடிதத்தின் சொற்கள் தெளிவாக்கவில்லை. பலர் குடும்பச் செலவையும் விடுதிச் செலவையும் அத்தொகைக்குள் அடக்கியே உளவியலும் பாடத்திட்டமும் படித்தனர். பாடக் குறிப்பு எழுதினர். மேற்பார்வையாளர் முன் நின்று பாடம் நடத்திக் காட்டினர்.

பல்லேபொலைப் பகுதியிலிருந்து இப்பயிற்சிக்காகக் கொட்டகலை ஆசிரியர் கலாசாலைக்குச் செல்பவர் பஸ்ஸில் மாத்தளைக்கு வந்து புகையிரதம் ஏறலாம். கண்டியைத் தாண்டிப் பேராதனைச் சந்தியிலே பதுளைப் பாதைக்கு மாற வேண்டும். அற்றனுக்கு அடுத்த நிலையம் கொட்டகலை. மாத்தளைவரை அந்த இருப்புப்பாதை போடப்பட்டது 1880இல்; தோட்டத்து விளைபொருளைத் துறைமுகத்திற்கு இறக்கிச் செல்வதற்காக.