வலது கால் கியர்

ஆயில் ஒழுகாத புல்லட் என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தமாம். ஓட்டுகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து பேக்கிங் மாற்றியவனுக்கு அவ்வளவாகச் சிரிப்பு வராது. நான் ராயப்பேட்டையில் ஒரு பாயிடம் வேலை கற்று, பிறகு சொந்தமாக ஷெட் போட்டு, பெரும்பாலும் புல்லட்டையே பார்த்துக் காலம் தள்ளியவன். எங்கள் தொழில் எப்படி உண்டாயிற்று என்று யோசித்தால், ஒரு டிசைன் ஐம்பது வருஷம் மாறாமல் நின்றதில் உண்டாயிற்று என்றுதான் சொல்வேன்.

இங்கிலாந்தில் ரெடிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர்போனது. ராயல் என்ஃபீல்டு கம்பெனி அங்கே இருந்தது. துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த பழைய உறவினால் பீரங்கியையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். புல்லட் என்ற பெயர் 1930-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்றாலும், நமக்குத் தெரிந்த புல்லட், பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வைத்து 1949 வாக்கில் விற்பனைக்கு வந்த மாடல். எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச்காரர்களும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராயின.

அதற்குப் பிறகுதான் விசேஷம். 1967-ல் ரெடிச் ஆலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. தாய்வீட்டில் செத்துப்போன வண்டி திருவொற்றியூரில் பிறந்துகொண்டே இருந்தது. 1977-ல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்! இங்கே பெரிதாகப் போட்டி இல்லை, வெளிநாட்டு வண்டி உள்ளே வர வழியும் இல்லை. மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கு?

மாறாத வண்டிக்கு ஒரு நன்மை உண்டு. அப்பா வண்டியில் கற்ற வேலை மகன் வண்டிக்கும் செல்லும். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. வார்ப்பிரும்பு பேரல், அலுமினிய ஹெட். இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. கியர் வலது காலில்: ஒன்று மேலே, மூன்று கீழே. பிரேக் இடது காலில். பாயிடம் சேர்ந்தபோது என் கைக்கு வந்தவை இன்ச் அளவு ஸ்பானர்கள். மரை எல்லாம் பிரிட்டிஷ் மரை. மில்லிமீட்டர் ஸ்பானரை அதில் போட்டு நட்டை உருட்டிவிடும் பையனுக்கு பாயிடமிருந்து முதுகில் ஒன்று நிச்சயம்.

காலையில் வண்டி பிடிக்காததுதான் முக்கால்வாசிப் புகார். "பாய், உதைச்சு உதைச்சு காலே போச்சு" என்று வருவார்கள். அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "முள்ளப் பாத்தீங்களா சார்?" ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரைச் சொல்கிறார். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓர் இடத்தில் கல்லாக நிற்கும். அங்கே டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். தீப்பொறிக்கான பாயிண்ட் திறந்ததும் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வரும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் முழு மனசோடு ஒரே உதை. அரைமனசாக உதைத்தால், டைமிங்கும் முன்னே போயிருந்தால், கிக்கர் திருப்பி அடிக்கும். நொண்டிக்கொண்டே ஷெட்டுக்கு வந்த போலீஸ்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாயிண்ட் கேப் 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டைமிங் வைக்க எங்களிடம் மீட்டர் கிடையாது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைக் கிழித்துப் பாயிண்டுக்கு நடுவே வைத்து இன்ஜினைச் சுற்றுவோம். தாள் எந்தக் கணம் நழுவுகிறதோ அதுதான் பாயிண்ட் திறக்கும் கணம். டேப்பட்டுக்கும் ஃபீலர் கேஜ் வேண்டாம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். "ரெண்டு விரல்ல புஷ்ராடு தண்டச் சுத்து. சுத்தணும். மேலயும் கீழயும் ஆடக் கூடாது" என்பார் பாய். சூட்டில் பேரல் நீள்கிறபோது அலுமினியத் தண்டும் நீண்டுவிடும் என்பதால் இடைவெளி விட வேண்டியதில்லை. இந்தக் காரணம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. விரல் அதற்கு முன்பே புரிந்துகொண்டது.

இனி அந்த ஒழுகல். ஒற்றைப் பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் கிராங்க்கேஸுக்குள் காற்று அழுந்தும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். குழாய் அடைத்தாலோ, ரிங் தேய்ந்து மேலிருந்து புகை இறங்கினாலோ, காற்று போக வழியில்லாமல் கிடைத்த இணைப்பில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். பல வாரம் நின்ற வண்டியில் இன்னொரு தொல்லை. ஆயில் டேங்க் கிராங்க்கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. டேங்கில் இருக்க வேண்டிய ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கீழே சேர்ந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் புகையும் ஆயிலும் கக்கும். இரண்டுக்கும் பேக்கிங்மேல் பழி போட்டு, அனபாண்ட் பசையை அப்பி அனுப்பிய மெக்கானிக்குகள்தான் அந்த வேடிக்கைப் பேச்சை வளர்த்தார்கள் என்பது என் கட்சி. பேக்கிங்கைக் கழற்றும் முன் பிரீதரை ஊதிப் பார்க்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில் பாய் கறார். பிக் எண்டில் உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். நல்ல ஆயில் ஓடினால் வருஷக்கணக்கில் உழைக்கும். ஆயில் குறைந்தோ அழுக்காகியோ நெடுஞ்சாலையில் விரட்டினால் அடியிலிருந்து டொக் டொக் கேட்கும். அப்புறம் இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான். 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்று, ஃபெல்ட் ஃபில்டரைப் பார் என்பது எங்கள் ஷெட் சட்டம். அதிர்வில் நட்டு கழலும், மட்கார்டு கம்பி விரியும், பல்பு இழை அறும். சர்வீஸ் என்றால் பாதி வேலை டைட் வைப்பதே.

1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வந்தன. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, பிறகு ஹீரோ ஹோண்டா, ஆர்எக்ஸ் 100. ஒரு சின்ன உதையில் பிடித்தன, பெட்ரோலும் குறைவாகக் குடித்தன. எங்கள் ஷெட்டுகள் காலியாயின. பலர் அந்த வண்டிகளுக்கே மாறிவிட்டார்கள். மாறாத எங்களைக் காப்பாற்றியது புதுப்பேட்டை. ராணுவ ஏலத்திலும் போலீஸ் ஏலத்திலும் போன வண்டிகளின் பாகம் அங்கே எடைக்குக் கிடைத்தது. 1994-ல் கம்பெனி ஐஷர் கைக்குப் போனது. 2002-ல் வந்த தண்டர்பேர்டு குரூசர் சாயலில் இருந்தது. அலுமினிய இன்ஜின், ஐந்து கியர். கியர் இடது காலுக்கு மாறியது. 2009 வாக்கில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த வண்டி வந்ததும் பாயிண்ட் போயிற்று, டேப்பட் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் ஆயிற்று. ஒரே வீச்சில் எங்கள் வித்தையில் பாதி செல்லாக்காசு.

எனக்கு அதில் வருத்தம் கிடையாது. 2020-ல் வந்த மீட்டியாரை ஓட்டிப் பார்த்தேன். அதிர்வைத் தணிக்க உள்ளேயே பேலன்சர் வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷம் முன்பே செய்திருக்க வேண்டியது.

வார்ப்பிரும்பு வண்டிக்கு இப்போது திரும்பவும் கிராக்கி. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் 1970-களின் வண்டியைத் தேடி வாங்குகிறார்கள். "அண்ணா, வந்து பாத்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டால் போவேன். பெயிண்டையும் தங்கக் கோட்டையும் பார்ப்பதில்லை. இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று பேரலைத் தொட்டுப் பார்ப்பேன். சுட்டால், நான் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை டீ குடித்துவிட்டு வருகிறோம் என்பேன். பாதிப் பேர் அங்கேயே விலையைக் குறைத்துவிடுவார்கள்.